ஊமை ஓடு

ஆகஸ்ட் 20, ஞாயிறு

கராத்தே மாஸ்டர் பெனிலா இன்று இந்த நோட்டைக் கொடுத்தனுப்பியிருக்கிறாள். அக்டோபர் 29-ஆம் தேதி மதுரையில் கறுப்பு பெல்ட் பரீட்சை. அதுவரைக்கும் பிள்ளை வீட்டில் எப்படி நடந்துகொள்கிறாள் என்று வீட்டில் உள்ள ஒரு பெரிய ஆள் இதில் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். கை கால் வீசுவதை மாஸ்டர் பார்த்துக்கொள்வாளாம். வீட்டுக்குள் நடப்பதுதான் அவளுக்குத் தெரியாதாம்.

முதல் பக்கத்தில் சட்டம் எழுதியிருக்கிறாள். நல்லதும் எழுத வேண்டும், கெட்டதும் எழுத வேண்டும். பக்கத்தைக் கிழிக்கக் கூடாது, எண்பது பக்கத்துக்கும் நம்பர் போட்டிருக்கிறாள். தப்பாக எழுதிவிட்டால் ஒரே ஒரு கோடு போட்டு அடிக்கலாம். அடித்த வரியும் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். பிள்ளை இதைப் படிக்கக் கூடாது.

என் மகன் லாரியில் ஏறினால் பத்து நாள் கழித்து வருகிறவன். மருமகள் செல்வி திருநெல்வேலி ஜவுளிக்கடைக்கு ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்கிறவள். ஆகையால் ஆவுடையம்மாள் ஆகிய நான் எழுதுகிறேன். படித்தது அஞ்சாம் வகுப்பு. ஆனால் அந்த அஞ்சு வகுப்பிலும் என் கையெழுத்தைத்தான் வாத்தியார் மற்ற பிள்ளைகளுக்குத் தூக்கிக் காட்டுவார்.

இந்த வருசம் ஒரு வகுப்பிலிருந்து ஒரு ஆள்தான் மதுரைக்குப் போகலாமாம். பிரவுன் பெல்ட்டில் இரண்டு பேர் இருக்கிறார்கள். என் பேத்தி அனுசியா, அப்புறம் சைக்கிள் கடை காசிம் மகள் நஸ்ரின். ரெண்டும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பதினோராம் வகுப்பு. செப்டம்பர் 24 அன்று இங்கேயே தேர்வு வைத்து ஒருத்தியை எடுப்பார்கள். நஸ்ரின் வீட்டுக்கும் இதே மாதிரி ஒரு நோட்டு போயிருக்கிறது. போகப்போவது அனுசியா. அதற்கு எதற்கு ரெண்டு நோட்டு என்று தெரியவில்லை.

இன்று அனுசியா அஞ்சு மணிக்கு யாரும் எழுப்பாமல் எழுந்தாள். வெள்ளை உடுப்பைத் தானே துவைத்தாள். குறை ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 21, திங்கள்

குறை ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 23, புதன்

காலையில் அவள் அம்மாவிடம் சத்தம் போட்டாள். கெட்டதும் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். ஆனால் மூன்றாவது நாளாக டப்பாவில் எலுமிச்சம்பழச் சோறு வைத்தது செல்வி. இது யார் குறை என்று மாஸ்டரே முடிவு செய்துகொள்ளட்டும்.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

இன்று வகுப்பை நேரில் போய்ப் பார்த்தேன். கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டு ஹாலில்தான் நடக்கிறது. முகூர்த்த நாளில் வகுப்பு கிடையாது. ஆவணி பிறந்ததிலிருந்து வாரத்துக்கு இரண்டு நாள் அப்படிப் போகிறது. முந்தின கல்யாணத்துப் பாயசம் தரையில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது.

நான் போகும்போது அனுசியா முழங்காலில் நின்று ஈரத்துணியால் அந்தத் தரையைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் நஸ்ரின். வெள்ளை பெல்ட் கட்டின சின்னப் பிள்ளைகள் எல்லாம் சுவரோரம் நின்று வேடிக்கை பார்க்கின்றன. எனக்கு எப்படி இருக்கும்? வாசலில் நின்றே கேட்டுவிட்டேன்.

“ஏம்மா, இவ கராத்தே படிக்க வந்தாளா, மண்டபத்தைக் கழுவ வந்தாளா?”

மாஸ்டருக்கு முப்பது வயசு இருக்கும். பகலில் எங்கள் ரேஷன் கடையில் பில் போடுகிற பொண்ணு. கோபப்படவில்லை.

“பெல்ட்டு ஏற ஏற வேலையும் ஏறும் ஆச்சி. வெள்ளை பெல்ட்டு நிக்கலாம். பிரவுன் பெல்ட்டு தரையைத் துடைக்கணும்.”

“அப்பம் கறுப்பு பெல்ட்டு கட்டின நீ என்னத்தத் துடைக்க?”

“கக்கூஸ்,” என்றாள். “இப்பதான் கழுவிட்டு வாரேன். அதையும் நோட்டுல எழுதிக்கிடுங்க.”

எழுதிவிட்டேன்.

வகுப்பு முடிகையில் எல்லாரும் மண்டியிட்டு உட்கார்ந்து கண்ணை மூடி உறுதிமொழி சொல்கிறார்கள். ஓங்கத் தெரிந்த கைக்கு அடங்கவும் தெரிய வேண்டும். ஆள் பார்க்காத இடத்திலும் ஆள் பார்க்கிற மாதிரியே இருப்பேன். தோற்றாலும் ஜெயித்தாலும் எதிரில் நிற்கிறவருக்குத் தலை வணங்குவேன். இந்த மாதிரி இன்னும் ரெண்டு. அனுசியா சத்தம்தான் கணீரென்று கேட்டது.

செப்டம்பர் 3, ஞாயிறு

மற்றதில் எல்லாம் ரெண்டு பிள்ளைகளும் சரிசமமாக இருக்கிறார்களாம். ஆகவே ஓடு உடைப்பதில்தான் முடிவு தெரியும். மொட்டைமாடியில் பதிக்கிற தட்டோட்டைப் பத்து அடுக்கி, கை விளிம்பால் ஒரே அடி. மேலேயிருந்து எத்தனை உடைகிறதோ அத்தனை.

இன்று பழகிப் பார்த்தாள். நாலு.

செப்டம்பர் 10, ஞாயிறு

குறை ஒன்றும் இல்லை என்று எழுதினேன். மேலே ஒரு கோடு போட்டு அடித்திருப்பது அதுதான். நடந்ததை எழுதுகிறேன்.

வகுப்பிலிருந்து வந்தவள் நேராகக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். வாளி நிறைந்து தண்ணீர் வாசல்படிக்கு வந்த பிறகும் குழாய் மூடவில்லை. கதவைத் தட்டினேன். கண் சிவந்து வந்தாள்.

“அஞ்சுக்கு மேல வர மாட்டேங்கு ஆச்சி. அவ ஆறு உடைக்கா.”

“கையைக் காட்டு.”

காட்ட மாட்டேன் என்றாள். பிடித்து இழுத்துப் பார்த்தேன். சுண்டுவிரலிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் நீலம். விளக்கெண்ணெயைச் சூடாக்கித் தடவினேன்.

“விட்டுரு பிள்ள. அடுத்த வருசம் போயிக்கிடலாம்.”

“விட மாட்டேன். உங்க பேத்திதான?” என்றாள்.

அதைக் கேட்டதும் எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. உள்ளதை எழுத வேண்டும்.

செப்டம்பர் 14, வியாழன்

காலாண்டுப் பரீட்சை. இயற்பியல் கஷ்டமாம். தோசை மாவு புளித்துவிட்டது. மாவைத் தவிர குறை ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 17, ஞாயிறு

தேர்வுக்கு அவரவர் பத்து ஓடு கொண்டு வர வேண்டும் என்று மாஸ்டர் சொல்லியிருக்கிறாள். ஓடு வாங்க எங்கள் வீட்டில் வேறு ஆள் தேட வேண்டியதில்லை. நான் பத்தொன்பது வருசம் ஓட்டுக் கம்பெனியில் இருந்தவள். சூளையிலிருந்து வருகிற ஓட்டை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துத் தரம் பிரிக்கிற வேலை. நல்ல ஓட்டை விரல் முட்டியால் தட்டினால் வெண்கலச் செம்பு மாதிரிக் கேட்கும். உள்ளே கீறல் இருந்தாலும் வேக்காடு பத்தாவிட்டாலும் சத்தம் எழும்பாது. அதை நாங்கள் ஊமை என்போம். பார்வைக்கு ரெண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பத்தொன்பது வருசத்தில் ஒரு ஊமை ஓடு என் கையைத் தாண்டிப் போனதில்லை. மேஸ்திரி மூன்று பேர் மாறினார்கள். மூன்று பேரும் சொன்னதுதான் இது.

செப்டம்பர் 22, வெள்ளி

பத்து ஓடு வாங்கியாயிற்று. நானே போய், நானே தட்டி, நானே எடுத்தேன். கடைக்காரன் சுடலைமுத்து, “ஆச்சி, இது நாங்க கழிச்சுப் போட்டதுல்லா, நல்லது அந்தப் பக்கம் இருக்கு” என்றான். எனக்குத் தெரியும் என்றேன். நேற்று கடை போட்டவனுக்கு ஓட்டைப் பற்றி என்ன தெரியும்?

ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டே வந்தேன். ரோடு மோசம், குலுங்கினால் போய்விடும். இறங்கினதும் அனுசியா தூக்க வந்தாள். தொடாதே என்றேன்.

குறை ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 24, ஞாயிறு

பத்தும் உடைந்தது.

முதலில் நஸ்ரின். ஒல்லிப் பிள்ளை, சத்தமே வராது, ஆனால் அடிக்கும்போது வயிற்றிலிருந்து ஒரு கத்தல் கத்துகிறாள். ஆறு. அவள் அப்பா வாங்கின நல்ல ஓடு, அடித்ததும் மண்டபம் முழுக்கக் கேட்டது. அப்புறம் அனுசியா. மூச்சை இழுத்து நிறுத்தி, கையை ஓங்கி, ஒரே அடி. மேலேயிருந்து கீழே வரைக்கும் மொத்தமாகப் போய்விட்டது. சத்தம் அவ்வளவாக இல்லை. அந்த ஹாலில் சில நேரம் அப்படித்தான்.

எல்லாரும் கை தட்டினார்கள். அனுசியா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். மாஸ்டர் கீழே கிடந்த துண்டு ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுப் போட்டாள். நஸ்ரின் வந்து அனுசியா முன்னால் குனிந்து வணங்கினாள். பிறகு முறத்தை எடுத்து வந்து எல்லாத் துண்டையும் அவளே அள்ளினாள்.

நான் வீட்டுக்கு வருகிற வழியில் இருபது பேரிடமாவது சொல்லியிருப்பேன். மகன் போனில், “யம்மா, பஸ் ஸ்டாண்டுல ஒரு பிளக்ஸ் அடிச்சு வச்சிருவமா?” என்றான். வெள்ளை உடுப்பில் இருக்கிற போட்டோவைப் போடு என்றேன்.

செப்டம்பர் 25, திங்கள்

அனுசியா காலையில் எழுந்திருக்கவில்லை. ஒரு நாள் தூங்கட்டும்.

செப்டம்பர் 28, வியாழன்

நாலாவது நாளாக எழுந்திருக்கவில்லை. புரட்டாசி பிறந்துவிட்டது, கல்யாணம் கிடையாது, மண்டபம் தினமும் காலியாக இருக்கிறது. போகலாம்.

“கையைப் பழக்கலையா பிள்ள?”

“பத்து உடைச்சவளுக்கு என்ன பழக்கம் ஆச்சி? அது தன்னால வரும்.”

உடுப்பைச் செல்வி துவைத்தாள்.

அக்டோபர் 1, ஞாயிறு

மதுரையில் ஓடு அவர்களே அடுக்குவார்களாம். பன்னிரண்டு. சூளையிலிருந்து நேராக இறங்குகிற புது ஓடாம். அனுசியா சொல்லிக்கொண்டே ரெண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டாள்.

எனக்கு வைத்த தோசையை மூடி வைத்துவிட்டேன்.

அக்டோபர் 3, செவ்வாய்

“மதுரை ஓடு கெட்டியா இருக்கும் பிள்ள. நிதானமா அடி. முழு வேகத்துல கையை விட்டுறாத” என்றேன்.

“நிதானமா அடிச்சாத்தான் கை உடையும். முழுசா நம்பி அடிக்கணும்னு மாஸ்டர் சொல்லியிருக்காங்க. அன்னைக்கி அப்படித்தான அடிச்சேன்?”

“அன்னைக்கி உள்ளது வேற.”

“என்ன வேற?”

அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்துவிட்டேன்.

“ஆச்சிக்குப் பயம்” என்று சிரித்துக்கொண்டே போய்விட்டாள். கன்னியம்மன் கோயிலில் ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டேன். நல்ல ஓட்டில் அந்தக் கை பட்டால் தேங்காய் என்ன செய்யும்?

அக்டோபர் 5, வியாழன்

நஸ்ரின் ஏதோ இயற்பியல் நோட்டு வாங்க வந்தாள். அனுசியா டியூசனிலிருந்து இன்னும் வரவில்லை. உட்காரச் சொல்லி முறுக்கு கொடுத்தேன். இடது கையால் வாங்கினாள். வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

“என்னட்டி கையில?”

“ஒண்ணுமில்ல ஆச்சி. வீட்ல அடிச்சுப் பாக்கேன்.”

“தேர்வுதான் முடிஞ்சு போச்சே?”

“முடிஞ்சு போச்சு. ஆனா ஒண்ணு புரியல ஆச்சி. அவளும் நானும் ஒரே மாதிரிதான் நிக்கோம், ஒரே மாதிரிதான் மூச்சு விடுதோம். அவளுக்குப் பத்து, எனக்கு ஆறு. அப்பம் என் கையிலதான் ஏதோ குறை இருக்கு. அது என்னன்னு தெரிஞ்சா போதும்.”

முறுக்கைக் கடித்துக்கொண்டு சாதாரணமாகத்தான் சொன்னாள். வகுப்பில் தரையை இப்போது யார் துடைக்கிறீர்கள் என்று கேட்டேன். அவள்தானாம். “நான் பரீட்சைக்குப் போறவ, இனி நான் துடைக்க மாட்டேன்னுட்டா அனு.” இதைத்தான் ஆகஸ்டில் நானும் சொன்னேன். என் வாயில் இருந்தபோது அது நன்றாகத்தான் இருந்தது.

அக்டோபர் 8, ஞாயிறு

இன்று எழுதப்போவது அனுசியாவின் குறை இல்லை. என் குறை. அதற்கு இந்த நோட்டில் இடம் உண்டா என்று சட்டத்தில் போடவில்லை.

செப்டம்பர் 22-ஆம் தேதி நான் வாங்கின பத்தும் ஊமை ஓடு. சுடலைமுத்து சொன்னது சரி, அது அவன் கழித்துப் போட்ட குவியல். அதிலும் நான் தட்டித் தட்டி மோசமானதாகப் பார்த்து எடுத்தேன். ஒன்றிரண்டு நல்லதைக் கலந்திருக்கலாம். கலக்கவில்லை. பத்தொன்பது வருசம் ஊமையை ஒதுக்கின கை அன்றைக்கு நல்லதை ஒதுக்கியது. அனுசியாவுக்கு இதில் ஒன்றும் தெரியாது.

பிள்ளையின் கை நீலமாக இருந்ததைப் பார்த்துத்தான் செய்தேன் என்று எழுதலாம். அது பாதி. நஸ்ரின் போய் என் பேத்தி போகாமல் இருந்தால் இந்தத் தெருவில் எப்படி நடப்பேன் என்பது மறுபாதி. எந்தப் பாதி பெரிசு என்று மாஸ்டர் கேட்டால், ரெண்டாவதுதான்.

முதலில் அனுசியாவிடம் சொல்ல வேண்டும் என்று சுடலைமுத்து கடையில் இரண்டு ஓடு வாங்கி வந்தேன், ஒன்று நல்லது, ஒன்று ஊமை. மத்தியானம் சாப்பிட்டதும் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து ரெண்டையும் தட்டிக் காட்டினேன். அவளும் தட்டினாள். என்ன வித்தியாசம் என்று சொன்னேன். பிறகு அன்றைக்கு நடந்ததைச் சொன்னேன்.

அவள் ஊமை ஓட்டை எடுத்தாள். கையை ஓங்கவே இல்லை. தொடைமேல் வைத்து ரெண்டு பக்கமும் அழுத்தினாள். பிளந்துவிட்டது.

“பத்துல எத்தனை இது மாதிரி?”

“பத்தும்.”

“ஒண்ணு கூடவா நல்லது இல்ல?”

“இல்ல.”

“அப்பம் அன்னைக்கி நான் ஒண்ணுமே உடைக்கல.”

ரெண்டு துண்டையும் சேர்த்துத் தரையில் வைத்தாள். “நோட்டுல எழுதிட்டீங்களா?” என்றாள்.

“இனிமேத்தான் எழுதணும்.”

“எழுதாதீங்க ஆச்சி.” குரல் மாறிவிட்டது. “நான் இனிமே தினமும் பழகுதேன். இன்னும் மூணு வாரம் இருக்கு. நல்ல ஓட்டுலயே பழகி மதுரையில உடைச்சிருதேன். அப்பம் சரியாப் போயிரும்லா? யாருக்குத் தெரியப்போவுது? ஊரு பூரா சொல்லியாச்சு. அப்பா பிளக்ஸ் அடிக்கக் குடுத்தாச்சு.”

“நஸ்ரின் அவ கையிலதான் குறைன்னு நினைச்சிக்கிட்டு இருக்கா.”

“நீங்க செஞ்சதுக்கு நான் ஏன் போகாம இருக்கணும்?”

நியாயமான கேள்வி. “எழுதத்தான் போறேன் பிள்ள” என்றேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எழுதிவிட்டேன்.

அக்டோபர் 11, புதன்

ரெண்டு நாள் எழுதவில்லை, காரணம் நோட்டு இல்லை. திங்கள் காலையில் அலமாரியில் பார்த்தேன், காணோம். செல்வியிடம் கேட்கவில்லை. அனுசியாவிடமும் கேட்கவில்லை. தினமும் அவள் பள்ளிக்கூடப் பையைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். பள்ளிக்கூடம் போகிற வழியில் ஆறு இருக்கிறது.

இன்று சாயங்காலம் அலமாரியில் பழைய இடத்தில் இருந்தது. நனையவில்லை. எண்ணிப் பார்த்தேன், எண்பது பக்கமும் இருக்கிறது. படித்தாளா என்று தெரியாது. படித்திருந்தால் சட்டப்படி அது குறை. அதை நான் கேட்டுத் தெரிந்துகொள்ளப் போவதில்லை.

என்னோடு பேசுவது இல்லை. தட்டை வைத்தால் சாப்பிடுகிறாள்.

அக்டோபர் 12, வியாழன்

ரேஷன் கடைக்குப் போய் மாஸ்டரிடம் நோட்டைக் கொடுத்தேன். எட்டாம் தேதியைப் படி என்றேன். நின்றுகொண்டே படித்தாள். வரிசையில் ஒருத்தி, “எம்மா, படிச்சது போதும், எங்க சீனிக்குப் பில்லைப் போடு” என்றாள். பெனிலா தலை நிமிரவில்லை. முழுதும் படித்துவிட்டு நோட்டை மூடினாள்.

“துண்டை எடுத்துப் பாத்தப்பமே ஒரு சந்தேகம் ஆச்சி. உள்ள செவப்பே இல்ல. எனக்கு ஓடு தெரியாது, அதனால கேக்கல. கேட்டிருக்கணும். அது என் தப்பு.”

நான் திட்டுவாள் என்று எதிர்பார்த்துப் போனவள்.

“அனுவுக்குத் தெரியுமா?”

“சொல்லிட்டேன்.”

“நஸ்ரினுக்கு?”

“நீயே சொல்லிரும்மா.”

“நான் ஓடு வாங்கலையே ஆச்சி” என்றாள். நோட்டை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். “இன்னும் பக்கம் கெடக்கு, எழுதுங்க.” பிறகு அடுத்த ஆளைக் கூப்பிட்டுச் சீனிக்குப் பில் போட்டாள்.

அக்டோபர் 14, சனி

காசிம் வீட்டுக்குப் போனேன். நஸ்ரினின் அம்மா ஹைருன்னிசா வாங்க வாங்க என்று பாய் விரித்து டீ கொடுத்தாள். டீயைக் குடித்துவிட்டுச் சொல்லக்கூடாது என்று தோன்றியது. ஆகவே டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்.

ஹைருன்னிசா முதலில் நம்பவில்லை. நம்பின பிறகு எழுந்து நின்றுவிட்டாள். “எம்பிள்ளை மூணு நாளு சோறு திங்கல. சொவத்துல கையை வச்சு அடிச்சிக்கிட்டு நின்னா. வயசான மனுசி, பேத்தி மாதிரி ஒரு பிள்ளைக்கு இப்படிச் செய்ய உங்களுக்கு மனசு எப்படி வந்துச்சு? இதுல முறுக்கு வேற குடுத்து அனுப்பி இருக்கீங்க!” இன்னும் நிறைய. பக்கத்து வீட்டு ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யார் என்ன சொன்னாலும் ஒன்றுக்கு ரெண்டாகத் திருப்பிக் கொடுத்தே பழகினவள் நான். இன்று ஒன்றும் திருப்பவில்லை. அவள் மூச்சு வாங்க நிறுத்தினபோது, தப்பு பண்ணிட்டேன், மன்னிச்சிருங்க என்றேன். சொல்லி முடித்தபோது டீ ஆறிவிட்டது. எடுக்கலாமா என்று தெரியவில்லை.

நஸ்ரின் கதவுப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

“அப்பம் என் கையில குறை ஒண்ணும் இல்லையா ஆச்சி?”

“இல்லட்டி. அன்னைக்கி ஓடு உடைச்சது நீ மட்டுந்தான்.”

பிள்ளை சிரித்துவிட்டாள். அவள் அம்மாவுக்கு அதற்கும் கோபம்.

அக்டோபர் 15, ஞாயிறு

வகுப்பு முடிந்து எல்லாரும் மண்டியிட்டு இருக்கும்போது மாஸ்டர் நடந்ததைச் சொன்னாள். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. பிள்ளைகளைக் கூப்பிட வந்தவர்கள் பின்னால் நின்றார்கள், நானும் நின்றேன். 22-ஆம் தேதி மறுபடி தேர்வு. இந்தத் தடவை எல்லா ஓடும் வகுப்புதான் வாங்கும் என்றாள்.

பிறகு என்னைப் பார்த்து, “ஆச்சி, ஒரு இருபது ஓடு எடுக்கணும். நீங்கதான் தட்டிப் பாத்துத் தரணும்” என்றாள்.

பின்னால் ஒரு ஆள், “அந்தம்மாகிட்டயேவா?” என்றார்.

“இந்த ஊருல ஓடு தெரிஞ்ச ஆள் வேற யாரு இருக்கா, சொல்லுங்க, அவங்களைக் கூப்பிடுவோம்” என்றாள் மாஸ்டர்.

அனுசியா இன்று தரையைத் துடைத்தாள். யாரும் சொல்லாமலே துணியை எடுத்துக்கொண்டு குனிந்தாள். என் பக்கம் திரும்பவில்லை. மகனுக்குப் போன் போட்டு பிளக்ஸ் வேண்டாம் என்றேன். ஏன் என்றான். நேரில் வா, சொல்லுகிறேன் என்றேன்.

அக்டோபர் 18, புதன்

அனுசியா அஞ்சு மணிக்கு எழுந்தாள். பேசவில்லை. செல்வி எலுமிச்சம்பழச் சோறு வைத்தாள். அதற்கும் பேசவில்லை.

அக்டோபர் 20, வெள்ளி

சுடலைமுத்து கடையில் நாற்பத்தி மூன்று ஓடு தட்டி இருபது எடுத்தேன். ஹைருன்னிசாவையும் கூட வரச் சொல்லியிருந்தேன், வந்தாள். ஒவ்வொன்றையும் நான் தட்டி அவள் காதுக்குப் பக்கத்தில் காட்டினேன். பத்தாவது ஓட்டுக்கு அப்புறம் அவளுக்கே பிடிபட்டுவிட்டது. “அதை வேண்டாம் ஆச்சி, சத்தம் அடைக்கு” என்று ஒன்றைத் தள்ளினாள். சரியாகத்தான் தள்ளினாள்.

அக்டோபர் 22, ஞாயிறு

மறுதேர்வு நடந்தது.

நஸ்ரின் முதலில். எட்டு. அவளுக்கே நம்ப முடியவில்லை, குனிந்து ரெண்டு தடவை எண்ணிப் பார்த்தாள்.

அப்புறம் அனுசியா. அவள் முகத்தில் போன தடவை இருந்த தைரியம் இல்லை. பயம் இருந்தது. என்ன ஓடு என்று இப்போது அவளுக்குத் தெரியும் அல்லவா? மேலே இருந்த ஓட்டைத் தட்டிப் பார்த்தாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை. அனுசியா ரொம்ப நேரம் மூச்சை இழுத்துக்கொண்டு நின்றாள். விலகிக்கொள்வாள் என்று நினைத்தேன். அடித்தாள். சத்தம் தெரு வரைக்கும் கேட்டிருக்கும்.

மதுரைக்கு நஸ்ரின் போகிறாள். அனுசியா அவள் முன்னால் போய் நின்று குனிந்து வணங்கினாள். நஸ்ரின் வணங்கி நிமிர்ந்த பிறகும் இவள் நிமிரவில்லை. அப்புறம் முறத்தை எடுத்துக்கொண்டு துண்டை அள்ளப் போனாள். நஸ்ரினும் துடைப்பத்தோடு வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அனுசியா என் எதிரில் உட்கார்ந்து கையை நீட்டினாள். விளக்கெண்ணெயைச் சூடாக்கித் தடவித் துணி சுற்றினேன். எலும்பு நன்றாக இருக்கிறது.

“அடுத்த வருசம் என் ஓட்டை நானே வாங்கிக்கிடுதேன்” என்றாள். பதினாலு நாள் கழித்து என்னிடம் பேசின முதல் பேச்சு. “நீங்க கடைப் பக்கமே வரக் கூடாது.”

“வரல.”

“இறுக்கிக் கட்டாதீங்க, வலிக்கி.”

அவிழ்த்துத் திருப்பிக் கட்டினேன்.

நோட்டை நாளைக்கு மாஸ்டரிடம் கொடுக்கிறேன். மதுரைக்குப் போகாத பிள்ளையின் நோட்டை அவள் என்ன செய்வாள் என்று தெரியாது, ஆனால் கொடுக்கச் சொன்னதைக் கொடுக்க வேண்டும். கடைசியாக ஒன்று எழுத விட்டுப்போயிற்று. இன்று அனுசியா உடைத்தது ஆறு. ஆறும் நல்ல ஓடு.